அது மெஷினை எண்ணாது

ஆல்பர்ட்டை இஞ்ஞாசிமுத்து உயிரோடு கடைசியாகப் பார்த்தது வடுகபட்டியில், ஒரு குட்டியானை வண்டியின் பின்னால். பலகை வெட்டும்போது எழும் புகை நெஞ்சுக்கு ஆகவில்லை என்று ஆல்பர்ட் தன் பெரிய லேசர் மெஷினை நண்பன் இஞ்ஞாசிமுத்துவுக்கே கொடுத்துவிட்டார். அதை வண்டியில் ஏற்றி, கயிறு கட்டுகிறவனிடம் இஞ்ஞாசிமுத்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆல்பர்ட் சொன்னார்.

"மச்சான், உங்கிட்ட இருக்கற சாப்ட்வேர் லைசென்ஸ் உன் சின்ன மெஷினோடதான் பேசும். இதுக்குள்ள இருக்கற போர்டு வேற ரகம். பெரிய லைசென்ஸா மாத்திக்க. ஆனா ஒண்ணு போதும். அது கம்ப்யூட்டரத்தான் எண்ணும், மெஷின எண்ணாது."

"சரி மச்சான், சரி" என்றார் இஞ்ஞாசிமுத்து. மனசெல்லாம் கயிற்றில் இருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து, ஆல்பர்ட்டின் மனைவி கிளாரா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த இஞ்ஞாசிமுத்துவின் மனைவி பாக்கியத்தின் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்தது.

அடுத்த வாரமே ஆல்பர்ட் போய்ச் சேர்ந்தார். கல்லறைத் திருநாளுக்குள் அவர் கல்லறைக்கு ஒரு பெயர்ப்பலகை செய்து தரும்படி கிளாரா சொல்லியனுப்பினார். இஞ்ஞாசிமுத்துவின் ஊரான கெங்குவார்பட்டியில் புருஷன் பெண்டாட்டிக்குள் போட்டி அங்கே ஆரம்பித்தது.

இஞ்ஞாசிமுத்து தோட்டத்து மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். மலையடிவாரம் வரைக்கும் அவர் கை படாத மோட்டார் கிடையாது. லேசர் அவருக்குப் பொழுதுபோக்கு. சின்ன மெஷினை வாங்கியவரும் அவர்தான். ஆனால் மகள் ஜெசி விட்டுப்போன லேப்டாப்பை வைத்துக்கொண்டு பாக்கியம் அதில் கை வைத்த நாளிலிருந்து, வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாம் "அக்கா இல்லையா?" என்று கேட்டார்கள். அவர் செதுக்கிய தேவதூதரைப் பார்த்த பங்குச்சாமியாரோ, "மயில் நல்லா வந்திருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

"ஆல்பர்ட் என் கூட்டாளி. பலகைய நான்தான் செய்வேன். மெஷின் பக்கம் வந்துராத."

"சரிங்க" என்றாள் பாக்கியம்.

அவள் இத்தனை சுருக்காகச் சரி சொன்னதில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தார். அந்த லைசென்ஸில் இரண்டு இடம்தான், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரில்தான் ஓடும். ஒன்று அவருடைய மேசையில் இருந்தது. மற்றொன்று அவளுடைய லேப்டாப். அவள் ஜெபமாலைக்குப் போன நேரம் பார்த்து அதிலிருந்த லைசென்ஸை எடுத்தார். தன் மோட்டார் கடையில் கிடந்த பழைய லேப்டாப்பில் ஏற்றினார். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கிணற்றுக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு சர்வீஸ் என்றே வாழ்ந்த மனுஷன். இரண்டு மெஷினுக்கு இரண்டு இடம், இரண்டும் நம் கையில் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பாக்கியம் லேப்டாப்பைத் திறந்தாள். லைசென்ஸில் இடமில்லை என்றது. மூடி வைத்துவிட்டு மொச்சை உரிக்கப் போனாள்.

பெரிய மெஷின் அசைய மறுத்தது. ஓடாத எதற்கும் அவரிடம் உள்ள வைத்தியம் ஒன்றுதான், வயரை மாற்றுவது. கேபிளை மாற்றினார். எர்த்தை மாற்றினார். பக்கத்து வீட்டு பிளக்கைக்கூடச் சந்தேகப்பட்டார்.

"ஏங்க, ஆல்பர்ட் அண்ணன் அன்னைக்கு ஏதோ சொன்னாகளே."

"கயித்த இறுக்கிக் கட்டச் சொன்னான்."

"லைசென்ஸப் பத்திச் சொன்னாக."

"இது வயர் கோளாறு. வயரப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

"நான் எங்கங்க சொன்னேன். குழம்பு ஆறுது, வாங்க."

பெரியது கைவிட்டதால் சின்ன மெஷினிலேயே தேக்குப் பலகையை வைத்து, சூட்டைக் கூட்டிவிட்டார். ஆல்பர்ட்டின் பெயர் அடுப்புக்கரியாக வந்தது. அந்த வருத்தத்தோடுதான் மறுநாள் ஒரு மோட்டாரைப் பார்க்கக் கடமலைக்குண்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது பின்பக்கத் தகரக் கொட்டகையில் இரண்டு மெஷினும் ஓடுகிற சத்தம் கேட்டது. மேசைக்கு ஓடினார். இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லை என்றது. பீரோவைத் திறந்தார். அதிலிருந்த லேப்டாப்பும் அதையே சொன்னது.

கொட்டகையில் ஜெசியின் லேப்டாப் முன்னால் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். பெரிய மெஷின் கறுப்பு அக்ரிலிக்கில் ஆல்பர்ட்டின் பெயரை எழுத்தெழுத்தாக வெட்டிக்கொண்டிருந்தது. சின்னது தேக்கில் மாவிலைக் கொத்து வரைந்துகொண்டிருந்தது. ஆல்பர்ட்டின் மாந்தோப்பு இலையேதான், நரம்பு உட்பட.

"எப்படி இது?"

"லைசென்ஸ் வாங்குனப்ப, உங்க மெயில் பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு என் மெயிலத்தான குடுத்தீக. அதுக்குள்ள போயி உங்க ரெண்டு கம்ப்யூட்டரையும் எடுத்துவிட்டுட்டேன். அண்ணன் சொன்ன பெரிய லைசென்ஸுக்கும் மாத்திட்டேன்."

"ரெண்டு மெஷினும் ஒத்தக் கம்ப்யூட்டர்லயா?"

"அது மெஷின எண்ணாதுங்க."

இஞ்ஞாசிமுத்து அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. ஆல்பர்ட் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான் என்றுதான் தோன்றியது.

"இன்னொரு இடம் காலியாத்தான் கெடக்கு. வேணுமாங்க?"

"வேணும்."

"பீரோ சாவிய இங்கன வச்சுட்டுப் போங்க."

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அந்தப் பலகை நின்றது. கிளாரா ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். யார் செய்தது என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். இஞ்ஞாசிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவதான்" என்றார். பிறகு, "கரண்டு நான் குடுத்தேன்" என்றார்.

அவர் செய்த பலகையும் வீணாகவில்லை. பாக்கியத்தின் புளிப்பானையை இன்றைக்கும் அதுதான் மூடியிருக்கிறது.