வருத்தம் காணப்படவில்லை

துலாக்கோட்டை என்றொரு நாடு. அங்கே மழை பெய்யாத வருடமுண்டு. பேரம் பேசாத நாளில்லை. அதன் ஆதிச் சட்டம் இதுதான்: பேரத்தின் நடுவே ஒருவர் சொன்ன சொல்லை இரண்டு கடைக்காரர்கள் கேட்டுவிட்டால் அது பத்திரம். மன்னரே ஆனாலும் வாபஸ் வாங்க முடியாது.

அந்நாட்டில் வடிவாம்பாள் பலாப்பழம் விற்றாள். அவள் பிறந்தபோது அரண்மனைக் குமாஸ்தா எட்டிப் பார்த்து, வடிவேல் என்று ஆண் பதிவேட்டில் எழுதிவிட்டார். அவளுக்கு வேண்டியதெல்லாம் பெண்கள் சந்தையில் கூரைக்கு அடியில் ஓர் இடம். பதிவேட்டின்படி அவள் ஆண் என்பதால் சந்தை வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்டவர்களை ராசிக்காரர்கள் என்று கல்யாணத்துக்கு முதலில் அழைப்பார்களாம். அரசாணை இல்லாமல் நடந்ததால் அரண்மனைக் குறிப்பில் அது இல்லை. அப்புறம் பாட்டன் மன்னர், பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலையால் அடிக்கச் சொன்னார். மகன் முற்போக்கானவர்: பேயல்ல, குற்றம் என்று காவல் சாவடியில் தினமும் கைரேகை வாங்கினார். பேரன் இன்னும் முற்போக்கு: குற்றமல்ல, நோய் என்று கஷாயம் புகட்டினார். ஒவ்வொரு ஆணைக்கும் ஊரெல்லாம் தோரணம். வெயில் மட்டும் மாறவில்லை.

கடைசியாக வந்த மன்னர் பறையறிவித்தார்: "இது நோயே அல்ல. வருத்தம் மட்டுமே. யாருக்கு வருத்தம் இருப்பதாகத் தலைமை வைத்தியர் சான்றளிக்கிறாரோ, அவரது பதிவேடு மாற்றப்படும்."

வடிவாம்பாள் தலைமை வைத்தியர் மருதநம்பியிடம் போனாள்.

"வருத்தம் உண்டா?"

"அந்தப் பதிவேட்ட நெனச்சா எரிச்சலா வருது சாமி. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன். ஏவாரம் ஓடுது."

"அழுவாயா?"

"வெங்காயம் உரிச்சா."

வைத்தியர் எழுதினார்: "வருத்தம் காணப்படவில்லை. ஆகவே விண்ணப்பதாரர் ஆண்." பிறகு பெருந்தன்மையோடு சொன்னார்: "நன்றாக வருத்தப்பட்டுவிட்டு அடுத்த ஆண்டு வா, வடிவேலா."

அடுத்த ஆண்டு மஞ்சள் கடை மாரக்காளிடம் அழக் கற்றுக்கொண்டு போனாள். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் வெயில்.

அந்தக் கோடையில் வைத்தியரின் மகளுக்கு வளைகாப்பு. பலாப்பழம் இருந்தது வடிவாம்பாளிடம் மட்டும். வைத்தியர் தாமே வந்து பழத்தைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன விலை?"

"எட்டுக் காசு."

"எட்டா! நாலு வெச்சுக்கம்மா."

"நாலுக்குத் தோலுதான் வரும்."

பேரச் சூட்டில் வைத்தியருக்குப் பதவி மறந்துபோனது. "ஏம்மா தாயி, புள்ளத்தாச்சிக்கும்மா! ஒரு பொம்பள மனசு இன்னொரு பொம்பளைக்குத் தெரியாதா? நீயும் பொம்பளதானே!"

மாரக்காள் தராசைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தாள்.

"கேட்டியாடி பூவாயி?"

"கேட்டேங்க்கா. இன்னொருக்கா சொல்லச் சொல்லு, நல்லாருக்கு."

வைத்தியர் பழத்திலிருந்து கையை எடுத்தார். "அது... பேரத்துக்காகச் சொன்னது!"

"பேரத்துல சொன்னாத்தான சாமி பத்திரம்!" என்றாள் மாரக்காள்.

"நாலுக்கே எடுத்துக்குங்க சாமி," என்று வடிவாம்பாள் பெரிய பழமாகப் பார்த்துக் கொடுத்தாள். மாலைக்குள் பதிவேடு திருத்தப்பட்டது. கூரைக்கு அடியில், மாரக்காள் தன் மஞ்சள் மூட்டையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

மறுநாள் மந்திரி சபை அவசரமாகக் கூடி ஆணையிட்டது: அரசு வைத்தியர்கள் இனிப் பேரம் பேசக் கூடாது, சொன்ன விலைக்கே வாங்க வேண்டும்.

ஒரே வாரத்தில் நாட்டின் வைத்தியர்கள் அனைவரிடமும் வருத்தம் ஐயமறக் காணப்பட்டது. சட்டப்படி அவர்களுடைய பதிவேட்டை என்ன செய்வது என்று சபை இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.