நாயா, நோயா?

சொட்டுச்சாமி வீட்டு வாசலில் கூட்டம் நெரிந்தது. எங்கு பார்த்தாலும் நாய்க்குட்டிகளுக்கு வாந்தி, ரத்தபேதி. டாக்டர் டிரிப் ஏற்றிவிட்டு, "மூணு நாள் பார்க்கணும்" என்கிறார். சாமிக்கு மூன்றே நிமிடம் போதும். ஒரு சொட்டு நாய் ரத்தத்தைக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுவார், கண்ணை மூடுவார், ஏதோ முனகுவார், காணிக்கையை வாங்கிக்கொள்வார். ஞானம் இருந்தால் படிப்பு எதற்கு?

தையல்காரருக்குத் தன் நாய்க்குட்டி விஷயத்தில் அந்த ஞானம் காலையிலேயே கிடைத்துவிட்டது. டிரிப்பைக் கழற்றிக் குட்டியை வீட்டுக்குத் தூக்கிவர, அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. மடியிலேயே போகட்டும் என்று நினைத்தார்.

வழியில் மடக்கினாள் மனைவியின் தங்கை. மனிதருக்கும் மிருகத்துக்கும் ரத்தம் பார்க்கும் லேபில் அவளுக்கு வேலை.

"மாமா, நேத்தைவிட இன்னைக்கு வெள்ளையணு ஏறியிருக்கு. நல்ல அறிகுறி. பொழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா டிரிப்பைக் கழட்டினா பொழைக்காது."

"நாய் போயிடும்னு சாமியே சொல்லிட்டாரும்மா."

"நாயா? தன் குட்டிக்கு நோய் போயிடும்னு சாமி சொன்னதா பால்காரர் குதிச்சிட்டிருக்காரே."

தையல்காரர் திருதிருவென்று விழித்தார். அந்த முனகலில் நாய் எது, நோய் எது? பயந்தவன் காதில் நாய், ஆசைப்பட்டவன் காதில் நோய். குட்டி செத்தாலும் பிழைத்தாலும் வாக்கு பலித்துவிடும். நாயை நோயாக்கும் ஒரே ஒரு கொம்பை வைத்துக்கொண்டு சாமி இத்தனை நாள் பிழைப்பு நடத்தியிருக்கிறார்!

அவள் ஒரு சின்ன ரத்தப் புட்டியோடு மாமாவையும் இழுத்துக்கொண்டு சாமி முன்னால் போய் நின்றாள். சொட்டு விழுந்தது. சாமி முனகினார்.

"எனக்குக் காது மந்தம், சாமி. எழுதிக் குடுத்துடுங்க."

சாமிக்கு வியர்த்தது. எழுத்தில் எப்படி முனகுவது? கூட்டம் தாளை எட்டிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் எழுதினார்: 'நாய் வெள்ளிக்கிழமைக்குள் போய்விடும்.' 'நா'வுக்குக் கொம்பு இல்லை.

அவள் அதை உரக்கப் படித்துவிட்டுச் சொன்னாள்: "சாமி, இது நேத்து சர்க்கரை பார்க்க நீங்க எங்க லேப்ல குடுத்த ரத்தம்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் காதோரம் குனிந்து, "சர்க்கரை எவ்வளவும்மா இருந்துச்சு?" என்றார்.

தையல்காரர் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டிரிப் தீர்வதற்குள் குட்டியின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று, சிரிப்பும் அழுகையுமாக ஓடினார்.

சாமியை நம்பும் மகாஜனங்களே, தன் உடம்பு என்றதும் சாமியே லேபுக்குத்தான் போனார். நீங்கள் சாமி அளவுக்காவது யோசிக்கக் கூடாதா?