எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பெரிய மனிதர்கள் முன்னால் வாய் திறக்க விடக்கூடாது. விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

கொட்டாஞ்சேனைக் கம்பனி ஒன்றில் நான் பயிற்சிப் பொறியியலாளர். கடலில் கசியும் எண்ணெயைக் கண்டுபிடிக்கும் கருவியைத் துறைமுக அதிகாரிகளுக்கு விளக்கிக் காட்ட வேண்டும். பிடித்தால் கம்பனிக்கு ஒப்பந்தம், எனக்கு நிரந்தர வேலை. (பிடிக்காவிட்டால் வெள்ளவத்தை வீட்டில் நிரந்தர ஓய்வு.)

அன்று காலை அம்மா என் தலையில் நல்லெண்ணெய்ப் போத்தலையே கவிழ்த்தார்.

"அம்மா, வழியுது!"

"மண்டை சூடானா வாய் தடுமாறும். பேசாம இரு பிள்ளை."

கம்பனி முற்றத்தில், நிலமட்டத்தில் கட்டிய தொட்டி நிறையக் கடல்நீர். மேலே லேசர்: அதன் ஒளி பட்டால் எண்ணெய் மினுங்கும், உடனே சைரன் அடிக்கும். அடியில் ஒலிக்கருவி: சத்தத்தை மேலே அனுப்பி, எதிரொலியை வைத்து எண்ணெய் எவ்வளவு தடிப்பு என்று சொல்லும்.

"ஒரு துளி போதும் சேர், இது விடாது!" என்று அதிகாரிகளிடம் கைகளை விரித்தபடி பின்னால் ஓரடி வைத்தேன். லேசருக்காகப் போட்ட கறுப்புக் கண்ணாடியில் தொட்டியின் விளிம்பு தெரியவில்லை.

தொபுக்கடீர்!

நான் மேலே வந்தபோது சைரன் அலறிக்கொண்டிருந்தது. திரையில் என் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டமொன்று விரிந்துகொண்டே போனது. மேலாளர் அன்ரன் ஓடிப்போய் லேசரை நிறுத்தினார். "ஐயோ நங்கி!" என்று, தங்கச்சியை அழைப்பதுபோல் சிங்களத்தில் கத்தியபடி ஓர் அதிகாரி கைகொடுத்து என்னைத் தூக்கினார்.

மூத்த அதிகாரி மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அன்ரன், தடிப்பு நாப்பது சென்ரிமீற்றர் எண்டு காட்டுதே! இவ்வளவு எண்ணெயும் எந்தக் கப்பல்ல இருந்து?"

லேசர் என் தலையைச் சரியாகத்தான் பிடித்திருந்தது. ஒலிக்கருவிதான் எண்ணெயோடு சேர்த்து என்னையும் அளந்துவிட்டது.

அன்ரனை முந்திக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்ற நான்தான் பதில் சொன்னேன்.

"கப்பல் இல்லை சேர். அம்மா."

மூத்த அதிகாரி சிரித்த சிரிப்பில் ஒப்பந்தம் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: ஆள் விழுந்தால் அதை எண்ணெய்க் கணக்கில் சேர்க்காதபடி கருவியைத் திருத்த வேண்டும். நிரந்தர வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பணி அதுதான்.

கருவி திருந்திவிட்டது. வீட்டில் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்த என் அக்காதான் திருந்தவில்லை. இன்றும் காலி வீதித் தையல்கடையில் எனக்குச் சட்டைக்கு அளவெடுக்கும்போது, கடைக்காரரிடம் மெதுவாகச் சொல்வாள்:

"அண்ணை, நாப்பதுக்கு மேல போனா துறைமுகத்துக்கு அறிவிக்க வேணும், ஓம்?"