ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நடந்த எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் காபி ஊற்றும் லோர்னா சொல்லிக் கேட்டது. லோர்னாவுக்குப் பாதியை மெர்ல் சொன்னார், பாதியை அவர் மனைவி ட்வைலா சொன்னார். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒத்துப்போகாத இடங்களில் மெர்ல் சொன்னதை விட்டுவிட்டேன்.

மெர்ல் ஹாகனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ரயில் பாதையோரத் தானியக் கிடங்கில் கோதுமை லாரிகளை எடை போடுகிறவர். ட்வைலா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நாற்பது பிள்ளைகள் கூச்சல் போடும் பஸ்ஸைப் பனியில் ஓட்டிப் பழகியவருக்கு ஒரு கணவரை ஓட்டுவது பெரிய வேலையில்லை. மெர்லுக்கு மட்டும் இது தெரியாது. வண்டியைத் தானே ஓட்டுவதாக முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஜூன் மாதம் மெர்லின் வாழ்க்கையில் ஒரு பெரிய காரியம் நடந்தது. எங்கள் மோன்டானா மாநிலத்தில் மலைமேல் உள்ள சில காடுகளில் எல்க் என்கிற பெரிய மானில் கொம்பு வைத்த ஆணைச் சுட வேண்டுமானால், அரசாங்கம் குலுக்கல் போட்டுக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். மெர்ல் பதினோரு வருஷம் மனுப் போட்டுப் பதினோரு வருஷமும் 'இல்லை' என்று பதில் வாங்கியவர். பன்னிரண்டாம் வருஷம் பெயர் விழுந்தது. சீட்டைக் கொண்டுவந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். அங்கே ஏற்கெனவே ஒட்டியிருந்த பல் டாக்டர் சீட்டு தரையில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

சீட்டு வந்துவிட்டது. துப்பாக்கி இருந்தது. தோட்டா இல்லை.

மெர்லின் துப்பாக்கி பழைய அளவு. அந்த அளவுத் தோட்டாவை எந்தத் தொழிற்சாலையும் இப்போது செய்வதில்லை. அதனால் வீட்டின் கீழறையில் மேஜை போட்டு அவரே செய்துகொள்வார். சுட்டு மிஞ்சிய பித்தளைக் கூட்டைத் தேய்த்துக் கழுவி, அதில் வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, வாயில் குண்டைச் செருகினால் புதுத் தோட்டா. கூடு காபி டின்னில் நிறைய இருந்தது. மருந்தும் இருந்தது, குண்டும் இருந்தது. இல்லாதது பிரைமர் ஒன்றுதான். பிரைமர் என்பது கூட்டின் அடியில் பதிக்கிற, துவரம்பருப்பு அளவிலான சின்ன உலோகக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி அதில் தட்டினால்தான் பொறி கிளம்பும். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் காட்சிக்கு வைக்கலாம், எல்க்கின் மேல் எறியலாம்.

அந்த வருஷம் நாடு முழுக்கப் பிரைமர் தட்டுப்பாடு. நூறு அடங்கிய பெட்டி நாலு டாலருக்கு விற்றது பன்னிரண்டானது. அதையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் பெட்டி இல்லை.

இதில் மெர்லுக்கு மட்டும் இன்னொரு சிக்கல். சொந்தமாகத் தோட்டா செய்தால் மிச்சம் என்றுதான் ட்வைலாவிடம் சொல்லி அந்த மேஜையையே வாங்கியிருந்தார். விலை ஏறிய பிறகும் அவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த கணக்கில் பெட்டி நாலு டாலராகவே இருந்தது.

செப்டம்பர் முதல் வியாழக்கிழமை ஆர்டிஸ் அம்மாளின் இரும்புச் சாமான் கடைக்கு லாரி வருகிறது என்று தெரிந்தது. கடை வாசலில் ஆர்டிஸ் ஓர் அட்டை மாட்டினார்: 'வேட்டைப் பருவம் முடியும்வரை பிரைமர் ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி.' கடை திறப்பது எட்டு மணிக்கு. மெர்லுக்கு ஆறு மணிக்கே கிடங்கில் வேலை. பஸ் ஓட்டி முடித்து எட்டு மணிக்கு ஓய்வாக இருப்பவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

மெர்ல் திட்டம் போட்டார். புதன்கிழமை மாலையே கடைக்குப் போனார்.

"ஆர்டிஸ், நாளைக்கு ட்வைலா வருவா. நாலு டாலர்னு மட்டும் சொல்லு. மீதி எட்டை இப்பவே பிடி."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்ல. மீதியைச் சொல்லாம விடறது."

"எங்க வீட்டுல அதுக்குப் பேரு பொய்தான்," என்றார் ஆர்டிஸ். ஆனாலும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ட்வைலா மஞ்சள் பஸ்ஸைக் கடைக்கு எதிரிலேயே நிறுத்திவிட்டு வரிசையில் ஒன்பதாவது ஆளாக நின்றார். முன்னாலும் பின்னாலும் தொப்பி போட்ட ஆண்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. எங்கள் ஊரில் இது ஒரு மரியாதை. மீன் கிடைக்கிற மடுவையும் பிரைமர் கிடைக்கிற கடையையும் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எங்கே வாங்கினாய் என்று கேட்பது, உன் மனைவிக்கு என்ன வயது என்று கேட்பதைவிட மோசம். ஒரே கடை வாசலில் ஒன்றாக நிற்கும்போதுகூட ஏதோ ஆணி வாங்க வந்ததுபோல வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ட்வைலாவின் முறை வந்தது.

"நாலு டாலர், ட்வைலா," என்றார் ஆர்டிஸ், கல்லாவைப் பார்த்தபடி.

பின்னால் நின்றவர் மரியாதையை மறந்துவிட்டார். "நாலா? எனக்கு முன்னாடி எட்டுப் பேரும் பன்னிரண்டு கொடுத்துட்டுப் போனாங்களே!"

"பள்ளிக்கூட பஸ் ஓட்டினா சலுகையா?" என்றார் இன்னொருவர். "எனக்கும் ஒரு பஸ் கொடுங்க."

கூச்சல் பெருகியது. ஆர்டிஸுக்கு வேறு வழியில்லை. "யாருக்கும் சலுகை இல்ல! மீதி எட்டை மெர்ல் நேத்தே கட்டிட்டான்!"

ட்வைலா நிதானமாக நாலு டாலரை எண்ணி வைத்தார்.

"எத்தனை நாளா இது பன்னிரண்டு?"

"ஒரு வருஷமா," என்றார்கள் பின்னாலிருந்து மூன்று பேர்.

"ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறினார் ட்வைலா.

அன்று மாலை மெர்ல் காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எவ்வளவு ஆச்சு?" குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"நாலு டாலர்."

மெர்லுக்கு மூச்சு வந்தது. "பாத்தியா? நான் சொல்லிட்டேதானே இருக்கேன், இதுல நமக்கு எவ்வளவு மிச்சம்னு."

"ஆமா. எட்டு டாலர் மிச்சம். அது நேத்தே உன் பர்ஸ்லருந்து கிளம்பிப் போய் எனக்கு முன்னாடி வரிசையில நின்னுதாம்."

மெர்ல் உட்கார்ந்தார்.

"பெட்டி எங்க, ட்வைலா?"

"என்கிட்ட. முன்வாசப் படி எப்ப ஒடஞ்சுது?"

"போன வருஷம்…"

"நாலு வருஷம். நாலு வருஷமா இந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் சமையலறை வழியா வர்றாங்க. எங்க அக்கா என் கையைப் பிடிச்சுட்டு உள்ள வர்றப்போ, ஏதோ ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்கு."

"சீசன் முடியட்டும், செஞ்சுடறேன்."

"எந்த சீசன்னு நாலு வருஷமா நீ சொல்லலையே. படி சரியாகற அன்னைக்குப் பெட்டி உன் கையில."

"என்ன, கட்டின புருஷன்கிட்டயே பேரமா?"

"பேரம்னா ரெண்டு பேரும் பேசணும் மெர்ல். நீ பேச என்ன இருக்கு?"

மெர்ல் ஆர்டிஸுக்கு ஃபோன் போட்டார். உங்கள் வீட்டுக்குத்தான் ஒரு பெட்டி ஆகிவிட்டதே என்றார் ஆர்டிஸ்.

"அது அவளோடது."

"ஒரே வீடுதானே?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன், ஆர்டிஸ்."

படியைச் செய்துவிட்டால் முடிந்தது. மூன்று பலகை, நாலு முட்டு, கைப்பிடி. மூன்று சனிக்கிழமை வேலை. இது மெர்லுக்கே தெரியும். ஆனால் இப்போது செய்தால் பயந்து செய்ததாக ஆகும். ஆகவே மெர்ல் ஹாகன் ஒரு முடிவெடுத்தார். ட்வைலாவின் தயவில்லாமல், தன் உழைப்பில், தன் பிரைமரைத் தானே சம்பாதிப்பது.

நேராக ஒரு மைல் தள்ளியிருக்கும் கஸ் டிராக்ஸ்லர் வீட்டுக்குப் போனார். கஸ் தச்சு வேலை செய்கிறவர். பலகையைத் தொட்டால் பூனைக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவுவார். கோடாலியைக் கண்டால் மட்டும் இடுப்பு வலி வந்துவிடும்.

"கஸ், உன்கிட்ட பிரைமர் இருக்கா?"

"இன்னைக்கு இல்ல." கஸ் தாடையைச் சொறிந்தார். "ஒரு நாலஞ்சு நாள் கொடு. எனக்கு ஒரு இடம் இருக்கு."

எந்த இடம் என்று மெர்ல் கேட்கவில்லை. கேட்கலாமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்த வார வெள்ளிக்கிழமை கஸ் அவரே ஃபோன் செய்தார்.

"ஒரு பெட்டி தேறும்ப்பா. முழுசா நூறு. ஆனா காசுக்கு இல்ல. என் கொட்டகைல அறுத்துப் போட்ட மரம் மலை மாதிரி கெடக்கு. பொளந்து அடுக்கிக் கொடுத்துடு."

"அவ்வளவையுமா?"

"வேற ரெண்டு பேரு கேட்டிருக்காங்க."

"சரி, சரி. ட்வைலாவுக்குத் தெரியக் கூடாது."

"என் வாயிலருந்து வராது," என்றார் கஸ். இதில் அவர் கடைசிவரை வாக்குத் தவறவில்லை.

சனிக்கிழமை காலை. தீயணைப்புப் படையில் தொண்டர்களுக்கு ஒரு கூட்டம், பொழுது சாயத்தான் வர முடியும் என்றார் மெர்ல்.

"கூட்டமா? போயிட்டு வா," என்றார் ட்வைலா. "தோல் கையுறையை எடுத்துக்கோ."

கூட்டத்துக்கு எதற்குக் கையுறை என்று மெர்லுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அதோடு இடுப்பில் தடவ ஒரு தைலமும் ட்வைலா கொடுத்தனுப்பினார். நல்ல மனைவி என்று மட்டும் மெர்ல் நினைத்துக்கொண்டார்.

அவர் கோடாலியைத் தூக்கியதும் கஸ் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"எங்க கிளம்பிட்டே?"

"ஒரு சின்ன வேலை. நீ பாட்டுக்குப் பொள."

மேற்பார்வை இல்லாமல் வேலை செய்வது மெர்லுக்குப் பிடித்திருந்தது. முதல் சனிக்கிழமை கை கொப்பளித்தது. இரண்டாவது சனிக்கிழமை கொப்பளம் உடைந்தது. மூன்றாவது சனிக்கிழமை மாலை கொட்டகையில் கூரை வரை விறகு. கஸ்ஸும் கருவிப் பெட்டியோடு திரும்பினார், சட்டையெல்லாம் மரத்தூள். மெர்லின் கொப்பளக் கையில் பெட்டியை வைத்தார்.

"சரியா இருக்கான்னு பாத்துக்கோ."

மெர்ல் திறந்து பார்த்தார். நூறு. ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு வாரம் முன்கூட்டியே கிறிஸ்துமஸ் வந்திருந்தாலும் அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார்.

சட்டைக்குள் பெட்டியை மறைத்துக்கொண்டு, சமையலறை வழியாக நுழைந்தார். நேரே கீழறைக்கு நடந்தார்.

"மெர்ல், இங்க வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

முன்வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ட்வைலா நின்றார். புதுப் பலகை வாசனை அடித்தது. மூன்று படி, நாலு முட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடியின் முனையை யாரோ பூனைக்குட்டி மாதிரி தடவித் தடவி வழவழப்பாக்கியிருந்தார்கள்.

"ஆள் வச்சுச் செஞ்சேன்," என்றார் ட்வைலா. "நல்லாருக்கா?"

மெர்லுக்குச் சொல்லத் தெரியாத ஒரு நிம்மதி. தான் பயந்து செய்ததாகவும் ஆகவில்லை, செலவும் அவளுடையது. இனி அந்தப் பெட்டியும் வந்துவிடும். ஆக இருநூறு பிரைமர். கொஞ்சம் பெருந்தன்மையாகவே பேசினார். "ரொம்ப நல்லாருக்கு. படி சரியாகற அன்னைக்குப் பெட்டி என் கையிலன்னு சொன்னே. நான் செஞ்சாதான்னு சொல்லல."

"சொல்லல."

"அப்ப கொடு."

"அதான் கொடுத்தாச்சே," என்றார் ட்வைலா. "உன் சட்டைக்குள்ள இருக்கு பாரு."

மெர்ல் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

"கஸ்ஸுக்குப் படி வேலைக்குக் கூலியா கொடுத்தேன். அவனுக்கு மரம் பொளக்க ஆள் வேணும்னு ஊருக்கே தெரியும். அவன் உனக்கு விறகு வேலைக்குக் கூலியா கொடுத்துட்டான் போல. அதை அவன் என்ன பண்றான்னு நான் கேக்கல. அது மரியாதை இல்லையாமே."

"நானே மூணு சனிக்கிழமைல இந்தப் படியைச் செஞ்சிருப்பேனே!"

"செஞ்சிருப்பே. கோணலா."

மெர்ல் புதுப் படியில் உட்கார்ந்தார். அசையவில்லை. படியைச் சொல்கிறேன்.

அக்டோபர் கடைசியில் மெர்ல் மலை ஏறினார். இருபது தோட்டா செய்து எடுத்துப் போயிருந்தார். மூன்றாம் நாள் காலை, பனிக்கு நடுவே ஆறு கிளைக் கொம்போடு ஓர் ஆண் எல்க் வந்து நின்றது. ஒரே தோட்டா. விழுந்தது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது வீண்போகவில்லை. கஸ் வந்து இறைச்சியைச் சுமந்துகொடுத்தார். அதற்குக் கூலியாகப் பின்தொடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் எல்க் இறைச்சிதான். விருந்தாளிகள் முன்வாசல் வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

லோர்னா சொன்ன கதை இத்தோடு முடிகிறது. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மூன்று வாரமும் வேறு எங்குமே பிரைமர் கிடைக்கவில்லையா? ஆர்டிஸிடமே போய்க் கேட்டேன். அவர் நாட்குறிப்பைப் புரட்டித் தேதியைக் காட்டினார். எதிர்பாராமல் பெரிய லாரி வந்து, வாசல் அட்டையைக் கழற்றியது செப்டம்பர் பதினாறு, வியாழக்கிழமை. மெர்ல் அப்போது ஒரு சனிக்கிழமைதான் விறகு பிளந்திருந்தார். அன்று அலமாரியில் அறுபது பெட்டி, யார் வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். மெர்லுக்கு ஃபோன் செய்து சொல்லட்டுமா என்று ஆர்டிஸ் ட்வைலாவைக் கேட்டிருக்கிறார். கைப்பிடி இன்னும் போடவில்லை, பொறு என்றாராம் ட்வைலா.