மலைப் பக்கத்து ஃபுல்பேக்

கால்பந்தில் ஃபுல்பேக் ஆடுகிறவனுக்கு நல்ல பெயர் வாங்க வழியே கிடையாது. கோல் போடுகிறவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். கோலைத் தடுக்கிற கீப்பருக்கு சோடா உடைத்துக் கொடுப்பார்கள். நடுவில் நின்றுகொண்டு, வருகிறவன் போகிறவன் உதையையெல்லாம் முழங்காலில் வாங்கிக்கொண்டு, பந்தைத் தூரமாக உதைத்து அனுப்புகிறவனை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவன் ஒரு தப்பு செய்கிற வரைக்கும்தான். செய்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் எங்கள் டீமுக்கு நான்தான் ஃபுல்பேக். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஆரோக்கியசாமி. ஊரார் வைத்தது உலக்கைக்கால் ஆரோக்கியம். (கால் என்னவோ குச்சி மாதிரிதான் இருக்கும். உதைதான் உலக்கை.) பூட்ஸ் எல்லாம் யாரிடமும் கிடையாது, வெறுங்கால்தான். அந்த வெறுங்காலால் ஒருமுறை நான் உதைத்த பந்து ரோட்டில் போய்க்கொண்டிருந்த திருவண்ணாமலை பஸ்ஸின் கூரையில் மூட்டைகளுக்கு நடுவில் விழுந்து, அப்படியே திருவண்ணாமலைக்குப் போய்விட்டது. பஸ் திரும்பி வருகிறவரைக்கும் இரண்டு டீமும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து என்னைப் பற்றி எனக்கே ஒரு பெரிய அபிப்பிராயம் வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மெட்ராஸில் பெரிய மில்கள் சொந்தமாக டீம் வைத்திருந்த காலம் அது. நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிடுவார்கள். காலையில் மில்லில் தலையைக் காட்டினால் போதும். மத்தியானத்துக்கு மேல் பந்து உதைக்கலாம். மாதம் பிறந்தால் சம்பளம், தங்குவதற்கு இடம், வயசான பிறகும் பெர்மனன்ட் வேலை. பந்து உதைப்பதற்குச் சம்பளமா என்று கேட்டு என் நைனா சிரித்தார். அவருக்கு நான் விளையாடுவது அறவே பிடிக்காது. "எருமகூட எதுனா காரணம் இருந்தாத்தான்டா ஒதைக்கும்" என்பார். எங்களுக்கு இருந்தது மானம் பார்த்த பூமி. அதில் மல்லாட்டை போடுவோம் (வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்). அடுத்த விதைப்புப் பட்டத்துக்குள் மில்லோ கில்லோ வேலை ஒன்று அமைய வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு ஏர் பிடிக்க வந்துவிட வேண்டும் என்று கெடு வைத்துவிட்டார். எனக்கோ ஏரைக் கண்டாலே காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். அந்த வேலை கிடைக்காவிட்டால் என் வாழ்க்கை அந்தச் செம்மண்ணோடு முடிந்தது என்று நிஜமாகவே நம்பினேன்.

இங்கே எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் இருந்த பொட்டல் அது. மேற்கே ராஜகிரி மலை, கிழக்கே ஊர். மலைப் பக்கம் ஒரு கோல், ஊர்ப் பக்கம் ஒரு கோல். ஆட்டம் எப்போதும் சாயங்காலம் என்பதால், ஊர்ப் பக்கக் கோலைக் காக்கிறவர்களின் கண்ணில் மலை மேலிருந்து வெயில் நேராக வந்து இறங்கும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மலைப் பக்கம் எப்போதும் எங்களுக்கு, ஊர்ப் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு. பாதி ஆட்டத்தில் பக்கம் மாற்றுகிற பேச்சே கிடையாது. யாராவது நியாயம் கேட்டால், "செஞ்சிக்கு வரவங்க கோட்ட பாக்கத்தான வராங்க, ரெண்டு பாதியும் நல்லா பாக்கட்டும்" என்று எங்கள் கேப்டன் சொல்லிவிடுவார். வெளியூர் ஆட்டத்துக்கு எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. (ஏன் என்று இப்போது புரிகிறது.)

இப்படிச் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து மலைக்கு முதுகைக் காட்டியே ஆடியவன் நான். என் தடுப்பாட்ட வித்தை முழுவதும் இவ்வளவுதான்: பிடரியில் வெயில் சுட்டால் சரியான பக்கம் பார்த்து நிற்கிறேன் என்று அர்த்தம், பந்து வந்தால் ஊரைப் பார்த்து உதைக்க வேண்டும். இதில் மூளைக்கு வேலை இல்லாததால் அதை நான் மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போனதே இல்லை. எனக்குப் பின்னால் கீப்பராக நின்றவன் ஏழுமலை. எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர் மகன், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகத் தோற்றவன். நான் முன்னால் நிற்கிற தைரியத்தில் அவன் கம்பத்தில் சாய்ந்துகொண்டு மல்லாட்டை உரித்துத் தின்பான்.

எங்கள் கேப்டன் யார் யாரையோ பிடித்து, மெட்ராஸ் மில் ஒன்றின் விளையாட்டு ஆபீசரைச் செஞ்சிக்கு வரவழைத்துவிட்டார். டீமில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, நல்ல ஃபுல்பேக் கிடைத்தால் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். திண்டிவனம் டீமோடு ஆட்டம் ஏற்பாடானது. அன்றைக்கு என் நைனாவும் புறப்பட்டு வந்தார். சலவை வேட்டி கட்டி, கோயிலில் மாதாவுக்கு மெழுகுத்திரி ஏற்றிவிட்டு வந்தார். கேலி பண்ணிக்கொண்டிருந்த மனுஷன் எனக்காக முழங்கால் போட்டு வேண்டிக்கொண்டார்.

அவர் அதற்குமுன் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. மைதானத்துக்குப் போகிற வழியில் ஆட்டத்தின் விதியைச் சொல்லச் சொன்னார். பதட்டத்தில் இருந்த நான் விலாவாரியாகச் சொல்லவில்லை.

"ரெண்டு கம்பு நட்டுருக்கும் நைனா. அதுக்குள்ள பந்து போனா கோலு. எவன் போடுறானோ அவன் கெட்டிக்காரன்."

"அவ்ளோதானா? இதுக்கா இத்தினி வருசம் போச்சு?" என்றார். ஓரமாக இருந்த ஒரு பாறையில், ஊர்க்காரர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் பாதியில் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதோடு வாழ்க்கையை நிறுத்திக்கொண்டிருக்கலாம். விசில் ஊதியதே அந்த ஆபீசர்தான். திண்டிவனத்துக்காரர்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடித்த பந்தையெல்லாம் பாதி மைதானத்துக்கு அப்பால் அனுப்பினேன். எங்கள் பையன் ஒருத்தன் ஒரு கோலும் போட்டுவிட்டான். ஆபீசர் என் பக்கத்தில் வந்து என் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். என் மனசு அப்போதே மெட்ராஸுக்குப் போய் பீச்சில் காற்று வாங்க ஆரம்பித்துவிட்டது.

பாதி ஆட்டம் முடிந்ததும் ஆபீசர் இரண்டு கையையும் குறுக்காக ஆட்டிப் பக்கம் மாறச் சொன்னார். எங்கள் கேப்டன் போய், இந்த ஊரில் அந்த வழக்கம் இல்லை என்று பணிவாகச் சொன்னார். ஆபீசர் அவரைப் பார்த்த பார்வையில் கேப்டனே முதல் ஆளாக ஊர்ப் பக்கம் நடந்தார். திண்டிவனத்துப் பையன்கள் சிரித்துக்கொண்டே மலைப் பக்கம் போனார்கள்.

ஆட்டம் தொடங்கியது. கண்ணில் வெயில். எதிரே என்ன வருகிறது என்றே தெரியவில்லை. பந்து வந்து காலில் இடித்தது. அவ்வளவுதான் எனக்கு நினைவு. உடம்பு தானாகத் திரும்பியது, பிடரியில் வெயில் சுகமாகச் சுட்டது, எதிரில் எனக்குத் தெரிந்த ஊர் தெரிந்தது. வலது காலை ஓங்கி ஒரு உதை விட்டேன். உதைத்த பிறகுதான் எனக்கு நேரே ஏழுமலை நிற்பதைப் பார்த்தேன். இவன் எதற்கு இங்கே வந்து நிற்கிறான் என்று கோபம்கூட வந்தது. அவன் வாயிலிருந்த மல்லாட்டையைத் துப்பிவிட்டுப் பாய்ந்து பந்தைக் கையால் தட்டி வெளியே தள்ளினான்.

"டேய், சைடு மாறிடுச்சுடா" என்றான். கத்தவில்லை. செத்த வீட்டில் சொல்கிற மாதிரி சொன்னான்.

எனக்குப் புரிந்துவிட்டது. நன்றாகவே புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தது தலைக்கு. காலுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. அடுத்த பந்தையும் ஊரைப் பார்த்தே உதைத்தேன். அதை ஏழுமலை நெஞ்சில் வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதற்கடுத்து நான் உதைத்தது அவன் எழுந்திருப்பதற்குள் உள்ளே போய்விட்டது.

மைதானமே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் கை தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நைனா பாறை மேல் ஏறி நின்றுகொண்டு, தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். மடியில் இருந்த வறுத்த பட்டாணியை அக்கம்பக்கத்தாருக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த டீக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயில் பட்டாணியைப் போட்டுக்கொண்டார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று வேண்டினேன். செஞ்சி பூமி முழுக்கப் பாறை, லேசில் பிளக்காது.

இனிமேல் யோசித்து உதைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த பந்து வந்ததும் நிறுத்தி, இது மலை, இது ஊர், நம்முடையது எது என்று யோசித்தேன். அதற்குள் திண்டிவனத்துக்காரன் ஒருத்தன் பாய்ந்து வந்தான். பயத்தில் யோசனையை விட்டுவிட்டு உதைத்தேன். அதுவும் கோல். நைனா பாறை மேலேயே ஒரு ஆட்டம் போட்டார்.

கேப்டன் ஓடி வந்து என் தோளைப் பிடித்து, கோலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், நடு மைதானத்தைத் தாண்டிப் போய் நில், அங்கே இருந்து நீ எப்படி உதைத்தாலும் ஆபத்தில்லை என்றார். அவர் திருவண்ணாமலை பஸ்ஸை மறந்துவிட்டார். அங்கே என்னிடம் வந்த பந்தை, மலையைப் பார்த்து உதை, மலையைப் பார்த்து உதை என்று சொல்லிக்கொண்டே நான் திரும்பி ஊரைப் பார்த்து உதைத்தேன். என் ஆயுளில் அப்படி ஒரு உதை உதைத்ததில்லை. பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய், கடைசியில் வளைந்து கோலின் மேல் மூலைக்கு இறங்கியது. ஏழுமலை ஓடினான், எகிறினான், விரல் நுனியால் பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டு முதுகு அடிபட விழுந்தான். ஆபீசர் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது.

ஆட்டத்தில் தோற்றோம். எதிரிகள் ஒரு கோல்கூடப் போடாமல் ஜெயித்த ஆட்டம் அது. முடிந்ததும் ஆபீசர் எங்களைக் கூப்பிட்டார். நைனா என் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். ஆபீசர் என்னைத் தாண்டிப் போய் ஏழுமலையின் பெயரையும் வயசையும் விசாரித்தார். இவ்வளவு பலமான அடிகளை, அதுவும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தவற்றை, இப்படித் தடுக்கிற கீப்பரைத் தான் பார்த்ததில்லை என்றார். திங்கட்கிழமை மில்லுக்கு வந்துவிடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க எந்த டீமுக்கு ஆடினீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. நைனாதான் பதில் சொன்னார்.

"செஞ்சி டீமுக்குத்தாங்க. ரெண்டு கோலும் நம்ம பையன் போட்டதுங்க சார். இன்னொன்னும் உள்ள போயிருக்கும், இந்தப் பையன்தான் பூந்து தட்டி வுட்டுட்டான்."

ஆபீசர் நைனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாங்க, பார்த்தேன். நல்ல பலமா அடிக்கிறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அந்த மனிதரை நான் இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு நடக்கும்போது நைனா வழிநெடுகக் கொதித்தார். "போட்டவன வுட்டுட்டு தடுத்தவனக் கூட்டிக்கினு போறான். இன்னாடா நாயம் இது?" என்றார். விளக்கிச் சொல்ல நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "நீ மனச வுடாத, ஊரே பாத்துது" என்று தோளில் தட்டினார். ஊரே பார்த்தது என்பதுதான் என் துக்கமே. அன்றைக்கு ராத்திரி கவிழ்ந்து படுத்துக்கொண்டு அழுதேன். அடுத்த பட்டத்துக்கு ஏர் பிடித்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் நைனா மாறிவிட்டார். அதன் பிறகு என் ஆட்டத்தைக் கேலி செய்ததே இல்லை. ஆடத்தான் என்னை யாரும் கூப்பிடவில்லை, திண்டிவனத்துக்காரர்களைத் தவிர.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யார் எந்தத் தப்பு செய்தாலும், சட்டையைத் திருப்பிப் போட்டாலும், குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாலும், "சைடு மாறிடுச்சு" என்பதுதான் பேச்சு. என் கல்யாணத்தில் பீடத்துக்கு முன்னால் நான் பெண்ணுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று பங்குச் சாமியாரே கையைப் பிடித்து நிறுத்தினார். நைனாவுக்கு மட்டும் அந்தப் பேச்சின் அர்த்தம் கடைசிவரை தெரியாது. ஊரில் ஒருத்தரும் அவரிடம் சொல்லவில்லை. செஞ்சி அவ்வளவு பெரிய ரகசியத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான்.

ஏழுமலை மில் டீமில் பல வருஷம் ஆடினான், பெர்மனன்ட் ஆனான், பேன்ட் போட்டான். லீவில் வரும்போதெல்லாம் தன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். நைனா அவனை உட்காரவைத்து, சாப்பிடச் சொல்லி, சோறு பாதி இறங்கியதும் ஆரம்பிப்பார். என் பெண்டாட்டி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விடுவாள்.

"எம்மவன் ஒதச்ச ஒதையிலதான்டா நீ இன்னிக்கு இந்தச் சோறு துன்ற. மறந்துடாத."

ஏழுமலை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல், ரொம்ப மரியாதையாகச் சொல்வான்.

"ஆமா நைனா. அவன் இல்லன்னா எனக்கு ஏது வேல."

அன்றைய ஆட்டத்தைப் பற்றி ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ கதை சொன்னார்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாமல் பேசியவர்கள் அவர்கள் இருவரும்தான். நான் ஏழுமலைக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவேன்.