எச்சில் பழமும் கன்ட்ரோல் அண்ணனும்

தருண், ரக்ஷிதா, ஒரு கம்ப்யூட்டரோடு நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த மனிதர் இந்தப் பெங்களூரிலேயே ஒருவர்தான். அவர் நம் வீட்டுக்கு வந்து உங்கள் பிறந்தநாள் கேக்கெல்லாம் சாப்பிட்டிருக்கிறார். உங்களுக்குத்தான் அவருடைய பெருமை தெரியவில்லை.

நேற்று சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு, எந்தக் கம்ப்யூட்டர் உசத்தி என்று இரண்டு பேரும் சண்டை போட்டீர்கள். "அப்பாவுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?" என்று சொன்னது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியாதுதான். பத்தாவதைத் தாண்டாதவன் நான். காக்ஸ் டவுன் பிரஸ்ஸில் காகிதம் வெட்டுகிறேன், பைண்டிங் போடுகிறேன். ஆனால் கன்ட்ரோல் அண்ணனுக்கு எதிர் மேசையில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் படிப்பு எந்தக் காலேஜிலும் கிடைக்காது.

எங்கள் பிரஸ்ஸில் டைப் அடிப்பது, டிசைன் போடுவது, பிழை பார்ப்பது எல்லாம் அவர்தான். சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. முதலாளி ஸ்டெல்லா மேடமே வருகைப் புத்தகத்தில் 'கன்ட்ரோல்' என்றுதான் எழுதுவார். கீபோர்டின் இடது மூலையில் கன்ட்ரோல் என்று ஒரு சாவி இருக்கிறது அல்லவா, அண்ணனின் இடது சுண்டுவிரல் அதைவிட்டு இறங்கியதே இல்லை. எழுதியதைச் சேமிக்க அந்தச் சாவியோடு எஸ். செய்த தப்பை இல்லாமல் ஆக்க அந்தச் சாவியோடு இசட். டீ கிளாஸைப் பிடித்தாலும் அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

வீட்டைப் பூட்டும்போது மனைவியிடம், "கன்ட்ரோல் எஸ் போட்டியா?" என்பார். கேஸை மூடினாயா என்று அர்த்தம். குழம்பு கொட்டினால், "கன்ட்ரோல் இசட்!" ஒரு தடவை அல்சூர் ஏரிப் பக்கம் ஆட்டோ இடித்து ஸ்கூட்டரோடு விழுந்துவிட்டார். ஆட்டோக்காரர் பதறிப்போய், "ஏனாயித்து சார்? என்ன ஆச்சு?" என்று தூக்கப் போனால், இவர் நடு ரோட்டில் தாரின்மேல் சுண்டுவிரலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எங்கள் பிரஸ்ஸில் இருந்த பெட்டியெல்லாம் ஜன்னல் படம் போட்டது. அதுதான் அவருக்குக் கம்ப்யூட்டர். கடித்த பழம் படம் போட்டதைக் கண்டால் ஆகவே ஆகாது. "எவன் கடிச்சான்னே தெரியாத பழம். எச்சில். அத போயி எவனாச்சும் காசு குட்த்து வாங்குவானா சேகரு?" என்பார். ஐடி கம்பெனிப் பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகை டிசைனை அந்தக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தால் மேசைமேல் வைக்க விடமாட்டார். அதற்கென்று பழைய நியூஸ்பேப்பர் ஒன்றை விரிப்பார். "இதுமேல வைப்பா. ஈ மொய்க்கும்."

அப்படிப்பட்டவரின் தலையில்தான் மேடம் குண்டைப் போட்டார். வாடிக்கைக்காரர்கள் கொண்டுவரும் ஃபைல் எதுவும் நம் பெட்டியில் திறக்கவில்லை என்று, பழம் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றையே பிரஸ்ஸுக்கு வாங்கிவந்துவிட்டார். பெரிய திரை, வெள்ளைக் கீபோர்டு, அதற்கென்று புதிதாக ஒரு வெள்ளை மேசை.

அண்ணன் அன்று முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் ஜூஸ் பாட்டிலில் ஒட்டியிருந்த மாம்பழப் படத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்தார். முழு மாம்பழம், காம்போடு. கடித்த பழத்தின்மேல் அதை ஒட்டினார். "இப்போ பரவால்ல. பாக்கறவங்க நம்மள தப்பா நெனைக்க மாட்டாங்க" என்று தம் இடத்துக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நாலு வருஷம். தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். மேடம், "கன்ட்ரோல், அதுல ஒரே ஒரு ஃபைல் திறந்து குடுங்களேன்" என்று கேட்டால், "அவங்களோட நான் பேசறதில்ல மேடம்" என்பார். மேடமே போய்த் திறந்துகொள்வார்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை. ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைகிறேன். மேடத்திடம் சாவி வாங்கிப் பின்பக்கக் கதவு வழியாக எனக்கு முன்னாலேயே ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை மேசைக்கு முன்னால். மாம்பழக் கம்ப்யூட்டருக்கு முன்னால். கன்ட்ரோல் அண்ணன்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த சாப்பாட்டு டப்பா நழுவி, உங்கள் அம்மா கட்டிக்கொடுத்த லெமன் சாதம் தரை முழுக்க. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கன்ட்ரோல் இசட்" என்றார்.

"அண்ணே, இன்னா இது?"

"இன்னா இன்னா இது? கம்ப்யூட்டரு."

"எச்சில் பழம்னு சொன்னீங்களே?"

"கழுவிட்டேன்."

எதிரே டீக்கடை யூசுப் பாயிடம் ஓடினேன். பால் பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு நின்றார். "யா அல்லா! நெஜமாவா? மாம்பழத்த கிழிச்சிட்டாரா?"

"இல்ல பாய். மாம்பழம் அப்டியே கீது. அவருதான் மாறிட்டாரு."

"யாராச்சும் மந்திரம் வெச்சிட்டாங்களா?" என்றார் பாய். பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

மேடத்துக்கும் அதிர்ச்சிதான். சந்தோஷமான அதிர்ச்சி. காரணம் கேட்டால் மறுபடி முறைத்துக்கொள்வாரோ என்று கேட்காமலே விட்டுவிட்டார்.

அண்ணனின் மனசு மாறிவிட்டது. சுண்டுவிரல் மாறவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் இந்த வித்தைக்கெல்லாம் வேறு சாவி. கட்டைவிரலால் அழுத்த வேண்டும். இருபது வருஷப் பழக்கத்தில் சுண்டுவிரல் மூலைக்கே ஓடியது. ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து கையை நீட்டினார். "சேகரு, பைண்டிங் நூல் கொண்டா. இவன கட்டு." பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினேன். ஒரு வாரம் அந்தக் கட்டோடுதான் இருந்தார். வேண்டுதலா என்று மேடம் கேட்டதற்கு, "ஜாமீன்ல விடற வரிக்கும் இப்டித்தான்" என்றார்.

அதிர்ச்சி அதோடு நிற்கவில்லை. வேலை நேரத்தில் யாராவது பாட்டை முணுமுணுத்தாலே கத்துகிறவர், நாள் முழுக்கக் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டார். திரையில் ஒவ்வொரு எழுத்தையும் பூசணிக்காய் அளவுக்கு வைத்துக்கொண்டார். இருபது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பத்திரிகை மாதிரிகளை எல்லாம், சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து திரும்ப டைப் அடித்தார். "இருக்கறதயே எதுக்குண்ணே அடிக்கறீங்க?" என்றால், "கை பழகணும்" என்பார். காதல் கத்தரிக்காய் என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

ஆனேக்கல்லிலிருந்து ஒரு கல்யாண வீட்டார். பெண்ணின் அப்பா, அம்மா, கூட நாலு சொந்தக்காரர்கள். தேங்காய் பழம் வைத்த தட்டோடு, நல்ல நேரம் பார்த்துப் பத்திரிகை அச்சுக்குக் கொடுக்க வந்திருந்தார்கள். அந்தம்மா, "அந்த மஞ்ச அட்டைய காட்டுங்க" என்றார். அண்ணன் எழுந்தார். காதிலிருந்த ஒயர் இழுபட்டு, கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேசைமேல் விழுந்தது. அடுத்த நொடி, பிரஸ் முழுக்கக் கேட்கும்படி, ஒரு பெண் குரல் கணீரென்று பேசியது.

"ஆண்டவருக்குள் நித்திரை அடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

பெண்ணின் அம்மா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அப்பா எழுந்து நின்றார். "யோவ், இன்னாய்யா இது? கல்யாணத்துக்கு வந்தா கருமாதி படிக்கிறீங்க!"

"அன்னாரின் நல்லடக்க ஆராதனை மாலை நான்கு மணிக்கு" என்றது குரல்.

"நிறுத்துய்யா!"

"அனைவரும் வருக."

எல்லோரும் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று சுற்றும் முற்றும் பார்த்தார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். வெள்ளை மேசையில் வெள்ளை ஒயர். அவர் உள்ளங்கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் கிடந்தது. கை இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, அதன் மேலேயே ஒரு தடவை உரசிக்கொண்டு போனது. அகப்படவில்லை. அவருடைய முகம் மேசையைப் பார்க்காமல் வேறு எங்கோ திரும்பியிருந்தது.

ஆறு மாசமாக ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறார். அட்டையின் நிறத்தை என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார். பூசணிக்காய் எழுத்து. இயர்போன். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது.

பாய்ந்துபோய் ஒயரைச் செருகினேன். குரல் நின்றது. மேடம் உள் அறையிலிருந்து வெளியே வந்தார். "யாரு ஒயர புடுங்கினது?"

"நான்தான் மேடம். காகிதத் தூசி தட்டறப்போ கை பட்டுடுச்சி."

கல்யாண வீட்டார் தட்டோடு வெளியேறினார்கள். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

டீக்கடை ஓரத்தில் நின்று நான் கேட்டேன். "எப்போலருந்துண்ணே?"

"ஒரு வருஷம் இருக்கும். நடுவுல கறுப்பா ஒரு பொட்டு. ஓரத்துலதான் தெரியுது. இப்போ ஒன் மூஞ்ச பாக்கணும்னா நான் பாய் மூஞ்ச பாக்கணும்." சொல்லிவிட்டு யூசுப் பாயைப் பார்த்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கு கன்ட்ரோல் இசட் கெடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு சேகரு."

கண் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, பழம் போட்ட போன் ஒன்று தமிழில் நியூஸ் படித்துக் காட்டிக்கொண்டிருந்ததாம். அதைக் கேட்டதுமே மேடத்தின் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துவிட்டதாம். "எங்கிட்ட இருக்கற பழைய பெட்டிக்கு தமிழ் பேச வராது. மாம்பழத்துல பேசற இந்தம்மாவுக்கு வந்துச்சி. நாலு வருஷம் நான் பேசல. அந்தம்மாதான் மொதல்ல பேசினாங்க."

"அப்போ பழச எல்லாம் எதுக்குத் திரும்ப அடிச்சீங்க?"

"நம்ம பழைய எழுத்தெல்லாம் பார்வைக்குத்தான் தமிழ். உள்ள பூரா இங்கிலீஷு. மொத நாள் ஒரு கல்யாணப் பத்திரிகைய படிக்க வெச்சேன். அந்தம்மா மாப்பிள பேர கமா, பிராக்கெட்டு, எக்ஸு, ஒய்யின்னு படிச்சிது. புது எழுத்துல அடிச்சாத்தான் அதுக்கு தமிழ்னே புரியுது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் வழக்கம்போல நீட்டிக்கொண்டிருந்தது. "மேடத்துக்கு மட்டும் தெரியக் கூடாதுப்பா. பிழை பாக்கறவனுக்கே கண்ணு இல்லன்னா, அவனுக்கு எதுக்கு ஒரு நாற்காலி? வேற இன்னா வேல தெரியும் எனக்கு?"

நான் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவரே என் மேசைக்கு வந்தார். "நேத்து எனக்காக பொய் சொன்னே இல்ல? மேடம் ஒன்ன பாத்த பார்வ எனக்கு ஓரத்துல தெரிஞ்சிது. அந்த பொய்க்கு கன்ட்ரோல் இசட் போட்டுட்டு வரேன்." நான் கையைப் பிடிப்பதற்குள் மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு நின்றேன். யூசுப் பாய் காலி கிளாஸ் எடுக்க வந்தவர், எடுக்காமல் நின்றார். கால் மணி நேரம். கதவு திறந்தது.

"இன்னாச்சிண்ணே?"

"கேட்டாங்க."

"இன்னா கேட்டாங்க?"

"அந்தம்மாவ இன்னும் கொஞ்சம் மெதுவா படிக்கச் சொல்ல முடியுமான்னு கேட்டாங்க. ரொம்ப வேகமாப் போவுதாம்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாய், மூணு டீ. இன்னிக்கி சக்கர தூக்கலா."

அன்றிலிருந்து எங்கள் பிரஸ்ஸில் ஒரு வழக்கம். அச்சுக்குப் போகும் முன்னால் பத்திரிகையை வாடிக்கைக்காரருக்கு முன்னாலேயே வாய்விட்டுப் படிக்க வைப்பது. காலையில் கல்யாணம், மதியத்துக்கு மேல் துக்கம். நேரம் மாற்றிக் கேட்டால் மேடமே திருப்பி அனுப்பிவிடுவார். ஆனேக்கல்காரரைக்கூட மேடம் போன் செய்து, மன்னிப்புக் கேட்டு வரவழைத்தார். அவர்களுடைய பத்திரிகையை அந்தக் குரல் படித்து முடித்ததும் பெண்ணின் அம்மா அலறினார்: "ஐயோ, பெரிய தாய்மாமன் பேரு வரவே இல்லியே!" நாலு பேர் எட்டுக் கண்ணால் பார்த்து எழுதிக்கொடுத்த தாள் அது. அந்த மாமன் பெயர் இல்லாமல் பத்திரிகை போயிருந்தால் கல்யாணம் என்ன ஆகியிருக்குமோ! பெண்ணின் அப்பா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அண்ணன் அவரைப் பார்ப்பதற்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மற்ற நேரமெல்லாம் இயர்போன்தான். ஒயர் நழுவினால் இப்போதும் தடவுகிறார். நாங்கள் எடுத்துக்கொடுக்கப் போனால் கோபம் வருகிறது.

போன சனிக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன். கெட்டி அட்டைப் புத்தகங்களுக்கு முதுகு ஒட்டும் சிவப்புத் துணிநாடாவில் ஒரு முழம் கிழித்தேன். வெள்ளை மேசைக்குப் போய், அந்த வெள்ளை ஒயர்மேல் நுனியிலிருந்து இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்தேன். இடையிடையே ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டு முடிச்சு மாதிரி மேடாக்கினேன். சிவப்பும் தெரியாத நாள் ஒன்று வரலாம் அல்லவா?

சுற்றி முடித்ததும் ஒயரை மேசைமேல் எங்கேயோ போட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் கைக்கு அகப்படுகிறதா என்று தடவிப் பார்த்தேன்.