நல்லா இருக்கிறவங்க மட்டும்

வியாதி வந்தவரை டாக்டரிடம் கூட்டிப்போவது ஒரு வேலையே இல்லை. வலியே அவரை இழுத்துக்கொண்டு வந்துவிடும். எனக்கு ஒன்றுமே இல்லை, கல்லு மாதிரி இருக்கிறேன் என்கிறவரைக் கூட்டிப்போவதுதான் வேலை. அவர் பட்டாளத்திலிருந்து வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த வேலைக்குத்தான் நான் சம்பளம் வாங்கினேன். (இன்றும் வாங்குகிறேன். அன்றைக்கு நடந்ததற்குப் பிறகும் என்னை வைத்திருக்கிறார்களே என்று எனக்கே ஆச்சரியம்.)

எங்கள் மேஜரம்மா ராணுவ ஆஸ்பத்திரிகளில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில், ரிட்டயரான பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் கிளினிக் வைத்திருந்தார். மற்ற டாக்டர்கள் வந்த வியாதியைப் பார்ப்பார்கள். இவர் வரப்போகிற வியாதியைத் தேடிக்கொண்டு போவார். "உள்ள வந்த திருடனைப் பிடிக்கிறது பெரிசில்ல ஸ்டெல்லா, கேட்டுலயே நிறுத்தணும்" என்பார்.

அங்கே எனக்கு வேலை கிடைத்தது எங்கப்பாவால். அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். ஊருக்கு வந்த பிறகும் அரிசி மூட்டையை ஒரு கையால் தூக்குவார். காலில் ஒரு சின்னப் புண் வந்தது. வலிக்கவில்லை என்றார், நாங்களும் விட்டுவிட்டோம். உள்ளே சர்க்கரை வியாதி இருக்கிறது என்று தெரிந்தபோது கால் கறுத்துப்போயிருந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். வீட்டு ஜெபத்துக்கு வந்த மேஜரம்மா என்னிடம் எதுவரை படித்திருக்கிறாய் என்று கேட்டார். ஐந்தாவது என்றேன். திங்கட்கிழமை வா என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. கிளினிக்கில் பாட்டில் கழுவிக்கொண்டே அழலாம், குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அந்த ஒரு வசதிக்காகவே எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது.

பட்டாளத்துக்காரர்கள் சங்கம்தான் கிளினிக்குக்கு வாடகை கொடுத்தது. நன்றாக இருக்கிறவனை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று சங்கத்துச் செயலாளர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், ஒரு முகாம் போடுங்கள், உருப்படியாக ஏதாவது தெரிந்தால் சரி, இல்லையென்றால் மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டார். மூடினால் மேஜரம்மாவுக்கு பென்ஷன் இருக்கிறது. எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் இல்லை.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எங்கள் தெரு முழுக்கப் பட்டாளத்துக் குடும்பங்கள்தான். போய் ஆள் சேர்த்துக்கொண்டு வா என்று மேஜரம்மா என்னை அனுப்பினார். "வியாதிக்காரங்க தானா வருவாங்க. எனக்கு நல்லா இருக்கிறவங்க வேணும். அப்படியே சொல்லு" என்றார். நான் அப்படியே சொன்னேன். (சொந்தமாக யோசிக்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை.)

முதல் வீடு கோவிந்து மாமா வீடு. ரெஜிமெண்டில் சமையல்காரராக இருந்தவர், நல்ல தொப்பை. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நல்லா கீறவன இன்னாத்துக்கும்மா கூப்புடுறாங்க?"

"தெரியாது மாமா. நல்லா இருக்கிறவங்க மட்டும்தான் வேணுமாம். பேர் எழுதிப்பாங்களாம்."

மாமா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "மேஜரே எழுதுறாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த இடத்திலேயே தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் எல்லைப் பக்கம் சண்டை வரும் என்று ரேடியோவில் தினமும் பேச்சு. நல்ல உடம்பாகப் பார்த்து ஆளைக் கூப்பிட்டு, மேஜர் பேர் எழுதுகிறார் என்றால் பட்டாளத்துக்காரன் என்ன நினைப்பான்? உலகத்தில் இது தெரியாத ஒரே ஜீவன் நான்தான். இரண்டே நாளில் தெருவில் டிரங்குப் பெட்டிகள் வெயிலுக்கு வந்தன. பூட்ஸ் பளபளத்தது. நரைத்த மீசையெல்லாம் ஒரே ராத்திரியில் கறுத்தது. மேஜரம்மா மேல் எவ்வளவு மரியாதை பார் என்று எனக்கு ஒரே பெருமை.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூடக் கொட்டகையில் முகாம். எல்லாரும் வரிசையாக நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். அவர்களுடைய வீட்டுப் பெண்கள் வேலிக்கு வெளியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சிலர் அழுதார்கள். சோதனைக்கு இவ்வளவு பயமா என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு கீற்றுத் தட்டி. ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்து அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டி பாட்டிலைத் திரும்ப வாங்குவேன். தட்டிக்குப் பின்னால் வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று துரைக்கண்ணு மாமா போய் நின்றுகொண்டார். ஹவில்தாராக இருந்தவர், எங்கப்பாவோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர். தினமும் ஏரியைச் சுற்றி ஓடுவார். வேப்பமரக் கிளையில் தொங்கித் தண்டால் மாதிரி ஏதோ எடுப்பார். தெருவிலேயே நல்ல உடம்பு அவருக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காலையிலிருந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டு முறை பானையை நிரப்பினேன்.

சர்க்கரை பார்க்க ஒரு நீலத் தண்ணீர் உண்டு. சோதனைக் குழாயில் ஊற்றி, மூத்திரத்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் நிறம் வந்தால் நிறைய இருக்கிறது.

முதல் குழாய் செங்கல். மேஜரம்மாவின் கண் மின்னியது. இரண்டாவது செங்கல். மூன்றாவதும் செங்கல். அதற்குப் பிறகு அவர் கண் மின்னவில்லை, என்னைப் பார்த்தது. வரிசை முடிந்தபோது மேசை மேல் ஒரு செங்கல் சூளையே நின்றது.

"ஸ்டெல்லா, இதெல்லாம் என்ன பாட்டில்?"

"டானிக் பாட்டில், டாக்டர்."

"இனிப்பு டானிக்கா?"

ஆமாம் என்றேன். கழுவும்போது அழுததில் சரியாகக் கழுவாமல் விட்டேனா? வேலை போயிற்று, கிளினிக் போயிற்று, அம்மாவிடம் என்ன சொல்வது என்று மனசு கணக்குப் போட்டது. மேஜரம்மா மீதியிருந்த பாட்டிலில் வெறும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதையும் கொதிக்க வைத்தார். நீலமாகவே இருந்தது. என் உயிர் திரும்பி வந்தது.

அவர் வெளியே போய் வரிசைக்கு முன்னால் நின்றார்.

"உங்க எல்லாருக்கும் கடுமையான சர்க்கரை வியாதி. நாளையிலிருந்து ஊசி. இனிப்பு கிடையாது, சோறு பாதி. ரம் சொட்டு கூடக் கிடையாது."

ஊசிக்கு யாரும் அசையவில்லை. பாதிச் சோற்றுக்கும் அசையவில்லை. ரம் என்றதும் வரிசை கலைந்துவிட்டது. கோவிந்து மாமா முன்னால் ஓடிவந்து, "எங்களுது இல்ல மேடம் சாப், எல்லாம் தொரைக்கண்ணுதுதான்" என்று காட்டிக்கொடுத்தார். சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள், சொந்த மூத்திரத்தைக் கொடுத்தால் உடம்பு சரியில்லை என்று தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, எல்லாரும் கூடி நல்ல உடம்பாகப் பார்த்து ஒரே ஆளிடம் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். எவ்வளவு கேட்டாலும் அவரிடம் இருந்ததாம்.

துரைக்கண்ணு மாமா ஒரு அடி முன்னால் வந்து விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "எத்தினி பாட்டில் குடுத்தாலும் ரொப்புவேன், மேடம் சாப். ராத்திரிகூட நாலு தபா ஏந்திருப்பேன்."

மேஜரம்மா சிரிக்கவில்லை. "தாகம் அதிகமா எடுக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். மாமாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்போ... நான் ஃபிட்டு இல்லியா?"

"பூட்ஸைக் கழட்டுங்க ஹவில்தார்."

கழற்றினார். குதிகாலில் ஒரு புண், சுற்றிலும் ஈரம். புது பாலிஷ் போட்ட பூட்ஸ் கடித்தது, வலியே இல்லை என்றார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது. நான் தரையில் உட்கார்ந்து அவர் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "எங்கப்பாவும் வலிக்கலைன்னுதான் சொன்னாரு மாமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குழாயடியில் மாதக்கணக்கில் மிச்சம் வைத்திருந்த அழுகை மொத்தமும் அங்கேதான் வந்தது. "மாமா, போயிடாதீங்க மாமா" என்று பள்ளிக்கூடமே அதிரக் கத்தினேன்.

வேலிக்கு வெளியே இருந்த பெண்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அது போதும். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள், உடனே எல்லாரும் ஆரம்பித்துவிட்டார்கள். துரைக்கண்ணு மாமாவின் மனைவி பாக்கியம் அத்தை தலைமுடி அவிழ, "சண்டைக்குப் போறதுக்கு முன்னாடியே போய்ட்டியே, நான் இன்னா பண்ணுவேன்" என்று ஓடிவந்து விழுந்தார். விழுந்தது என் மேல்.

ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த மாமா குனிந்து, "ஏ பாக்கியம், நான் இங்கதான்டீ கீறேன்" என்றார்.

அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்போ செத்தது யாரு?"

அந்த நேரம் பார்த்துச் சங்கத்துச் செயலாளர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒப்பாரி வைக்கிற பெண்கள், ஒரு பூட்ஸோடு ஒரு ஹவில்தார், அவர் காலைக் கட்டிக்கொண்டு நான், என் மேல் அத்தை. முகாமில் உருப்படியாக ஏதாவது தெரிந்ததா என்று அவர் கேட்டார். "தெரிஞ்சுது. இந்தத் தெருவிலேயே நல்ல உடம்பு யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் மேஜரம்மா. செயலாளர் யோசிக்காமல் மாமாவைக் காட்டினார். மேஜரம்மா அவரை மேசைப் பக்கம் கூட்டிப்போய்ச் செங்கல் நிறக் குழாய்களைக் காட்டினார். செயலாளர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அப்புறம் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி, பாட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்றார்.

அன்றைக்கு எல்லாரையும் மறுபடி தட்டிக்குப் பின்னால் அனுப்பினோம், இந்த முறை சொந்தமாக. கோவிந்து மாமாவுக்குப் பச்சை வந்தது. மற்றவர்கள் நீலம். சண்டைக்கு யாரையும் யாரும் கூப்பிடவில்லை. அதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டு மூன்று பேர் கொஞ்ச நாள் பேசவில்லை.

துரைக்கண்ணு மாமாவின் புண் ஆறுவதற்கு மாதங்கள் ஆயின. கட்டு மாற்றியது நான்தான். கால் கறுக்கவில்லை. புண் மூடின அன்றைக்கு நான் குழாயடிக்குப் போனேன், அழுகை வரவில்லை. பாட்டிலைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன். இப்போது எங்கே முகாம் நடந்தாலும் தட்டி வாசலில் பாரா நிற்பது அவர்தான். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் பார்த்து, "சொந்த சரக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் விடுகிறார்.

பாக்கியம் அத்தை மட்டும் அந்த நாளை விடுவதாக இல்லை. நான் தெருவில் போனால், யார் இருந்தாலும் சரி, சத்தமாகக் கூப்பிடுவார்: "என் தாலிய அறுக்கப் பாத்தவளே, வா, உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போ." போய்க் குடிப்பேன். சர்க்கரை இருக்காது. அந்த வீட்டில் இப்போது யாருக்கும் கிடையாது.